கோ ரெங்காவுக்கு யார் தோள் கொடுப்பது?

தாமுவே சந்தையில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி கிணுகிணுத்தது. ஒருமுறை அல்ல, விடாமல். எங்கள் இணைமேசைச் சங்கத்தின் வைபர் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். கும்பிடும் கைகள். எரியும் விளக்கு. ஒரு ரோஜாப்பூ. ‘ஓம் சாந்தி.’ மறுபடியும் கும்பிடும் கைகள். ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். போனது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. மேலே தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் முதல் செய்தியைக் கண்டுபிடித்தேன். பர்மிய எழுத்தில் ஒரே வரி: “அப்பா இன்று காலை இறந்துவிட்டார்.” எழுதியது சூசூ. சூசூவின் அப்பா கோ ரெங்கா.

கீரையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வீட்டை நெருங்குவதற்குள் இன்னும் நிறையக் கும்பிடும் கைகள் வந்துவிட்டன. “எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், நான் வருகிறேன்” என்று ஒரு வரி வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் சங்கத்தின் இன்றைய தலைவர் சண்முகம். சிங்கப்பூரில் இருக்கிறார். பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டுமாம். “நீங்கதான் கடைசிவரைக்கும் பக்கத்துல இருந்தீங்க, செல்வி. நல்லதா நாலு பக்கம் எழுதுங்க. சோகமா வேணாம். பழைய சண்டையெல்லாமும் வேணாம்” என்றார். சோகம் வேண்டாம் என்றால் அஞ்சலி எதற்கு? சண்டை வேண்டாம் என்றால் என்னை ஏன் கேட்கிறார்? நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கோ ரெங்காவும் நானும் ஒரே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அதை எடுத்துவிட்டால் எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி போய்விடும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் ரெங்கநாதன். அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயரும் உண்டு, அதை யாரும் கூப்பிட்டதில்லை. ‘கோ’ என்பது பர்மியத்தில் அண்ணன் முறை மாதிரி. வயதானால் ‘ஊ’ என்று ஏற்றிக் கூப்பிடுவதுதான் மரியாதை. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். “மேசையில் ஊ கிடையாது. கிழவனானாலும் கோதான்” என்பார். துறைமுகத்தில் சரக்கு இறக்குவதை மேற்பார்க்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள் சூசூ. தாமுவேயில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் குடியிருந்தார்கள். மின்தூக்கி இல்லாத கட்டடம். ஆளொருவர் மூட்டையோடு ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அப்படிப்பட்ட படிக்கட்டு.

இனி இணைமேசை. கல்லூரிக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை இருந்தது. முழங்கால் உயர மேசைகள், அதைவிடக் குட்டையான முக்காலிகள். தமிழ் மாணவர்கள் வந்தால் ஒரு மேசை போதாது. பக்கத்து மேசையை இழுத்து ஒட்டிக்கொள்வார்கள். கடைக்காரர் தினமும் முணுமுணுப்பார், தினமும் இழுப்பார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. பதிவு கிடையாது, கொடி கிடையாது, பாட்டு கிடையாது. மூன்றே மூன்று சட்டம், அதுவும் வாய்ச்சொல்தான். சாதி கேட்கக் கூடாது. வந்தவரிடம் இடமில்லை என்று சொல்லக் கூடாது, நெருக்கி உட்கார வேண்டும். மேசைக்காரர் ஒருவர் போனால் மற்ற மேசைக்காரர்கள்தான் தோள் கொடுக்க வேண்டும், கூலிக்கும் விடக் கூடாது, சொந்தக்காரருக்கும் விடக் கூடாது.

இந்த மூன்றாவது சட்டம் எப்படி வந்தது என்பதைக் கோ ரெங்கா எனக்கு ஒரே ஒரு தடவை முழுதாகச் சொன்னார். அவர் முதல் வருஷம் படித்தபோது கூடப் படித்த குமரன் என்ற பையன் காய்ச்சலில் இறந்துபோனான். தன்லியின்காரன். அப்பாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுபோக ஆள் வேண்டும். நம்முடைய பெரிய மனிதர்கள் சிலர் வந்து எட்டி நின்று பார்த்துவிட்டு, “அவங்க ஆளுங்க வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆட்கள் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் இருந்தார்கள். அப்போது பாலம் ஏது? நான்கு மாணவர்கள் தாங்களே தூக்கித் தோணித்துறைக்குக் கொண்டுபோய், படகில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, வீடுவரை நடந்திருக்கிறார்கள்.

“தூக்கத் தெரியாம தூக்கிட்டோம், செல்வி. ஒருத்தன் உயரம், ஒருத்தன் குட்டை. வழியெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சே போச்சு. வாசல்ல நின்ன அவங்கம்மா அதைத்தான் முதல்ல பார்த்தாங்க. மகன் முகத்தைக்கூட இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் மேசையில் அந்த வினோதமான பரீட்சை வந்தது. சேர விரும்புகிறவர் பழைய மேசைக்காரர்கள் மூன்று பேரோடு சேர்ந்து தேநீர்க் கோப்பைகள் நிறைந்த மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் தோல்வி. அடுத்த வாரம் வா. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் கூத்து. கடைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார். யூசுப் பாய் மூன்று வாரம் தோற்றவர், சூடான தேநீர் காதுக்குள் போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கோ ஜோவுக்குத் தாய் பர்மியர், தமிழ் அரைகுறை. அவர் முதல் தடவையிலேயே ஜெயித்தார். அந்தோணி தன் உயரத்தைக் குறைக்க முழங்காலை மடித்துக்கொண்டே நடந்தார். ஆனால் தேறியவர் முதுகைக் கோ ரெங்கா தட்டிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

நான் விலங்கியல் படிக்க வந்தேன். தாமுவேயிலிருந்து பேருந்தில் வந்து போகும் ரயில்வேக்காரர் மகள். முதல் நாளே கோ ரெங்கா முக்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். சாதி கேட்கவில்லை, அப்பா பெயரைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த மேசை எவ்வளவு பிடித்துப்போனது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. வீட்டில், தெருவில், கோயிலில் எல்லா இடத்திலும் முதல் கேள்வி ‘நீ யார் வீட்டுப் பெண்’ என்பதாகத்தான் இருக்கும். மேசையில் முதல் கேள்வி ‘பால் தூக்கலா, சாயம் தூக்கலா’ என்பது.

சில மாதம் கழித்து நானும் தூக்குகிறேன் என்றேன். எல்லாரும் கோ ரெங்காவைப் பார்த்தார்கள். நான் குனிந்து மேசையின் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தேன். மற்ற மூன்று மூலைக்கும் ஆள் வந்துவிட்டது. அப்போது கோ ரெங்கா எழுந்து, மேசைமேல் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார். நிதானமாக, ஏதோ எனக்கு உதவி செய்கிறவர் மாதிரி. கோப்பை இல்லாத மேசையைத் தூக்குவதில் என்ன பரீட்சை இருக்கிறது? மேசையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றார்.

“கோவமா?”

“ஆமா.”

“நியாயம்தான்” என்றார்.

அவ்வளவுதான். ஒன்றையும் மாற்றவில்லை. கோ ரெங்காவோடு பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எதிரே இருப்பவர் சொல்வது நியாயம் என்று உடனே ஒத்துக்கொள்வார், பிறகு தான் நினைத்ததையே செய்வார். அடித்துப் பேசுகிறவரோடு மல்லுக்கட்டலாம். ஒத்துக்கொள்கிறவரை என்ன செய்வது? சுவரில் முட்டினாலாவது வலிக்கும். அன்றிலிருந்து என்னை ‘மேசையின் நிரந்தர விருந்தாளி’ என்று பிறரிடம் அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். அதைப் பெருமை என்று நினைத்தார், பாவம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை நேராகவே கேட்டேன், ஏன் கூடாது என்று. “தோள் கொடுத்துட்டு வந்தா பத்து நாளைக்குச் சோறு இறங்காது. அது உனக்கு எதுக்கு?” என்றார். “எனக்குச் சோறு இறங்குதா இல்லையான்னு பார்க்க உங்களை யார் வச்சது?” என்றேன். கோ ஜோ தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். கோ ரெங்காவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அரசாங்கம் பல்கலைக்கழகத்தை இழுத்து மூடிய வருஷங்கள் வந்தன. மாணவர்கள் ஊர் ஊராகச் சிதறிப்போனார்கள். மேசை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் மட்டும் துறைமுக வேலை முடிந்ததும் அதே கடைக்கு வந்து, யாரும் இல்லாவிட்டாலும் இரண்டு மேசையை இழுத்து ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்காருவார். கடைப்பையனை எல்லாரும் வாயால் ‘உச்’ கொட்டிக் கூப்பிடுவார்கள், அவர் ‘ஞீலே’ என்று, தம்பி என்று, கூப்பிடுவார். ஒருவர் வந்தார், பிறகு இருவர் வந்தார்கள். கல்லூரி திறந்தபோது புதுப் பிள்ளைகள் சேர இடம் தயாராக இருந்தது. இதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள், இதில் எனக்குச் சண்டையே இல்லை.

பிறகு என் அப்பா போனார். நல்ல மழைக்காலம். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சொந்தக்காரர்கள் தண்ணீர் வடியட்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கோ ரெங்கா லோஞ்சியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மூன்று மேசைக்காரர்களோடு அந்தத் தண்ணீரில் நடந்து வந்தார். என் அப்பா மேசைக்காரர் இல்லை. நானும் இல்லை, அவர் கணக்கில். ஆனாலும் மூன்றாவது சட்டப்படிதான் செய்தார். தெருமுனை வரை பின்னால் போனேன். அங்கே பெண்கள் நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பள்ளம் மேடு தெரியாத தண்ணீருக்குள் அப்பா நேராகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் முடிந்து திரும்பி வந்தவர் வாசலில் நின்றபடியே, “சாயல, செல்வி” என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், “அப்ப நான் யார், கோ ரெங்கா? விருந்தாளி வீட்டுச் சாவுக்கா இவ்வளவு தூரம் நடந்தீங்க?” என்று வந்துவிட்டது. “நியாயம்தான்” என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவப் போனார்.

அவர் தோள் கொடுக்காத மேசைக்காரர் வீடு கிடையாது. தன்லியினுக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறார். காய்ச்சலோடு போயிருக்கிறார். மகளின் பரீட்சை நாளில் போய், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். சண்முகத்தின் அப்பாவுக்கு முன்மூலை பிடித்தது யார் என்று சண்முகத்துக்குத் தெரியும்.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொன்னால் மலரில் போட வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. சூசூ கல்லூரிக்குப் போன காலம். அவளோடு மூன்று நான்கு தமிழ்ப் பெண்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தார்கள். துடியான பிள்ளைகள். பாதிப் பேச்சு பர்மியம், பாதித் தமிழ். நாங்களும் தூக்குகிறோம் என்று கேட்டார்கள். கூட்டம் போட்டோம். நான் எழுந்து நின்று பேசினேன். “பையன்கள் படிப்பு முடிந்ததும் மலேசியா, சிங்கப்பூர் என்று பறந்துவிடுகிறார்கள். ஊரோடு இருக்கப் போகிறவர்கள் இந்தப் பெண்கள்தான். இவர்களை விட்டால் நாளைக்கு உங்களைத் தூக்க ஆள் இருக்காது” என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கோ ரெங்கா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “நியாயம்தான். ஆனா சட்டம் சட்டம்” என்றார். அவர் சொல்லிவிட்டால் வேறு யாரும் பேச மாட்டார்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒரு ஆம்பிளையாவது வாயைத் திறந்திருக்கலாம்.

சூசூ அந்த நாளுக்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. அப்பாவோடு தமிழில் பேசுவதையும் மெல்ல நிறுத்திவிட்டாள். மற்றப் பெண்களும் போய்விட்டார்கள். நான் சொன்னபடியே நடந்தது. சொன்னது பலித்தால் சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லை. கடந்த சில வருஷத்தில் இளவட்டங்கள் கிடைத்த வழியில் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். உள்ளூரில் மிஞ்சியது நரைத்த தலைகள். வைபரில் மட்டும் சங்கம் ஜேஜே என்று இருந்தது. தினமும் காலை வணக்கம், பூப்படம், பொன்மொழி.

சென்ற மாதம் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மருந்துக்கடையில் காலம் தள்ளியவள் என்பதால் கட்டிலோரம் இருந்த மருந்துகளைப் பார்த்ததுமே நிலைமை புரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது.

“என்னை மேசைக்காரங்கதான் இறக்கணும். ஆறாவது மாடி. சவம் தூக்கற சேவைச் சங்கத்துப் பையன்களைக் கூப்பிட்டுராதீங்க” என்றார்.

“மேசைக்காரங்க எங்க இருக்காங்க? விரலை மடக்குங்க பார்ப்போம்.”

“அந்தோணி, யூசுப், ஜோ” என்று மூன்று விரலை மடக்கினார். நான்காவது விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிட்டது. தாதி வந்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள். பேச வேண்டாம் என்று என்னை வெளியே அனுப்பினாள். அதன்பின் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், நான் போனபோதெல்லாம் தூக்கத்தில்தான் இருந்தார்.

சரி, அன்றைய தினத்துக்கு வருகிறேன். ஆறு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது அந்தோணி முதல் ஆளாகத் தன்லியினிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். யூசுப் பாய் லத்தாவில் இருக்கும் தன் இரும்புக்கடையை மூடிவிட்டு வந்தார். கோ ஜோ வந்தார். நான்காவது ஆள்? தொலைபேசி மேல் தொலைபேசி போட்டோம். ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்கு எண்ணெய் நிலையத்தில் பெட்ரோலுக்கு வரிசை. ஒருவர், “மாடி ஏற முடியாதும்மா, நேரா மயானத்துக்கு வந்துடறேன்” என்றார். அடுத்தவரும் நேராக மயானத்துக்கு. அதற்கடுத்தவரும். இறக்குவதற்கு ஆள் இல்லாமல் மயானத்துக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேருவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வர முடியாமல் வெளிநாட்டில் இருக்கிறவர்களை நான் சொல்லவில்லை. அரைமணி நேரப் பயணத்தில் இருந்துகொண்டு கும்பிடும் கையை அனுப்பியவர்களைச் சொல்கிறேன்.

சண்முகம் வீடியோ அழைப்பில் வந்தார். கண் கலங்கியிருந்தது, பொய் இல்லை. “முகத்தை ஒருதரம் காட்டுங்க” என்றார். காட்டினோம். “கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க” என்றார். “அவரையா, போனையா?” என்று அந்தோணி கேட்டார். அதற்குள் மின்சாரம் போய் இணையமும் போனது. நல்லதாகப் போயிற்று.

கீழே சேவைச் சங்கத்து வண்டி வந்து நின்றது. பர்மியப் பையன்கள் இரண்டு மூன்று பேர் ஏறி வந்து, “நாங்கள் இறக்கித் தருகிறோம், அன்ட்டி” என்று மரியாதையாகச் சொன்னார்கள். தங்கமான பிள்ளைகள். அவர்களை நிற்கச் சொன்னது எனக்கே கஷ்டமாக இருந்தது. நான்காவது மூலைக்கு நான் வருகிறேன் என்றேன். கோ ரெங்காவின் தங்கை கணவர் தன்லியினிலிருந்து வந்திருந்தார். மகன் இல்லாததால் சூசூவே கொள்ளிச்சட்டி ஏந்துவது என்று சற்றுமுன் நடந்த சண்டையில் அவர் தோற்றிருந்தார். அந்தக் கோபத்தோடு, “முன்னால போறது பொம்பளை. தோள் கொடுக்கறதும் பொம்பளையா? நாலு பேர் காறித் துப்ப மாட்டான்?” என்றார்.

“அந்த நாலு பேரைத்தான் காலையிலேர்ந்து தேடறோம். வரச் சொல்லுங்க, தூக்கட்டும்” என்றேன்.

அவர் சூசூவைப் பார்த்தார். அவள், “யபாடே” என்றாள், பரவாயில்லை என்று. பிறகு என் பக்கம் திரும்பி, பல வருஷமாகப் பேசாத தமிழைத் தேடித் தேடி எடுத்து, “அன்ட்டி, அப்பா சாயக் கூடாது” என்றாள்.

உயரமானவர்கள் கீழே, குட்டையானவர்கள் மேலே. அந்தோணியும் கோ ஜோவும் முன்னால் இறங்கினார்கள், பாடையைத் தோளுக்கு மேலே உயர்த்தியபடி. யூசுப் பாயும் நானும் பின்னால், குனிந்து, கைத்தாங்கலாக, தரையோடு தரையாக. திருப்பத்துக்குத் திருப்பம் நின்றோம். அந்தோணி மூச்சுக்கு நடுவில் ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். சுவரில் என் முழங்கை உரசித் தோல் போனது. கையில் இருந்த மூங்கிலைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. கீழே வந்ததும் சந்துக்குள் வண்டி வர இடமில்லை, பெரிய சாலை வரை நடக்க வேண்டும். தோளுக்கு ஏற்றினோம். நான் குட்டை, என் மூலை தாழ்ந்தது. யூசுப் பாய் தன் துண்டை எடுத்து மடித்து என் தோளில் வைத்தார். நடந்தோம். சந்தில் மொஹிங்கா நூடுல்ஸ் கடைப் பெண்மணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

மயானத்தில் வெள்ளைச் சட்டையோடு காத்துக்கொண்டு நின்றார்கள், நேராக வந்தவர்கள். வண்டியிலிருந்து இறக்கியதும் ஓடி வந்தார்கள். “கொடுங்க, கொடுங்க” என்று கைகள் நீண்டன. ஒருவர் கைப்பேசியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, படம் எடுக்கச் சொல்லிவிட்டு என் மூலைக்கு வந்தார். “நீங்க விடுங்கம்மா, கொஞ்ச தூரம்தானே, நான் பிடிச்சுக்கறேன்.”

நான் விடவில்லை. “கொஞ்ச தூரத்துக்கு ஆள் இருக்கு” என்றேன். அவர் பின்வாங்கி நின்றார். அவர் பெயரை எழுதவில்லை, அவர் இதை வாசிப்பார்.

எல்லாம் முடிந்து கை கால் கழுவிக்கொண்டு நின்றபோது அந்தோணி கேட்டார், “அவர் மனசுல நாலாவது ஆளா உன்னைத்தான் வச்சிருந்தாரோ, செல்வி?” தெரியாது. சண்முகத்தை நினைத்தாரோ, என்னை நினைத்தாரோ. மடக்காமல் போன அந்த விரலுக்கு ஒரு பெயர் வைத்து என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். அது எனக்கு வேண்டாம். வாய் இருந்த நாற்பது வருஷத்தில் சொல்லியிருக்க வேண்டியதை, இருமலுக்கு நடுவில் சொல்லியிருப்பார் என்று நான் ஊகித்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சண்முகம், இதை மலரில் போடுங்கள். மாடி ஏறித் தோள் கொடுக்க இப்போது மேசையில் உள்ளூரில் நான்கு பேர். அந்தோணி, யூசுப் பாய், கோ ஜோ, நான். அடுத்து யார் போனாலும் மூன்று பேர்தான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் இரண்டு மேசையை இழுத்துப் போடப் போகிறோம். சூசூ வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், தோழிகளையும் அழைத்து வருவாள். கோப்பைகளை யாரும் எடுத்து வைக்கப் போவதில்லை. இதற்கு நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

கோ ரெங்கா, இதை எழுதும்போது வலது தோள் கன்றிப்போய் இருக்கிறது, பேனாவை நகர்த்தவே வலிக்கிறது. என் வீட்டில் தைலத்துக்குப் பஞ்சமில்லை. இன்னும் போடவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. அந்தக் கோபத்தோடேயே உங்களைச் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டேன். போய் வாருங்கள்.